பனிக்கட்டியை உடைத்த கை

கேட்டவுடன் கிடைப்பதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோவதுமாகிய பனிக்கட்டிக்குச் சரித்திரம் ஏது என்று சிலர் நகைக்கக்கூடும். அரசர்க்குச் சரித்திரம் உண்டு, போர்களுக்கு உண்டு, ரப்பருக்கும் ஈயத்துக்கும்கூட உண்டு. கரைந்தொழியும் ஒரு கட்டிக்கு என்ன இருக்கிறது? இருக்கிறது, அன்பர்களே. அதிலும், சம்மட்டி கொண்டு நொறுக்கித் தூளாக்கி, மதுக்கலவைகளில் நிரப்பப்படும் பனிக்கட்டிக்கு உள்ள சரித்திரம், உழைத்துண்ணும் நம்மவர் ஊன்றிப் படிக்கத்தக்கது.

‘காக்டெயில்’ எனப்படும் மதுக்கலவையைப் பற்றி மேனாட்டில் எண்ணிறந்த நூல்கள் வெளிவந்துள்ளன. மது எந்நாட்டது, எத்தனை ஆண்டு ஊறியது, அதனைப் புகழ்ந்த பிரபுக்கள் யாவர் என்பனவெல்லாம் அவற்றில் விரிவாகக் காணலாம். ஆனால் அந்தக் கோப்பையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது பனிக்கட்டி. அதனை வெட்டியவன் யார், சுமந்தவன் யார், உடைத்தவன் யார் என்னும் செய்தி அந்நூல்களில் அருகியே காணப்படுகிறது. குடித்தவன் பெயர் நின்றது. உடைத்தவன் பெயர் பனிக்கட்டியோடு கரைந்தது. கரையாமல் தப்பி நின்ற சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துக் கூற விரும்புகிறேன்.

ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

1806-ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க் மாகாணத்து ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகை, ‘காக்டெயில்’ என்றால் என்னவென்று வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை எழுதிற்று. சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் கலந்தது அது என்பதே அவ்விடை. இதில் பனிக்கட்டியின் பேச்சே இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். குளிர்காலத்தில் பனி உறையும் நாடாயினும், கோடையில் அதனை வைத்துக் காக்கும் வசதி செல்வர் சிலர்க்கே இருந்தது.

அதே 1806-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பாஸ்டன் நகரிலிருந்து ஒரு கப்பல் ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு, மேற்கிந்தியத் தீவாகிய மார்த்தினீக்கை நோக்கிப் புறப்பட்டது. அனுப்பியவர் பிரடெரிக் டியூடர் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர். குளங்களில் இனாமாகக் கிடைக்கும் பனியை வெப்ப நாடுகளுக்கு விற்றுப் பணமாக்கலாம் என்பது அவர் எண்ணம். ஊரார் சிரித்தனர். கப்பல் சென்றடைந்த சான் பியேர் துறைமுகத்தில் பனிக்கட்டியை வைக்கக் கிடங்கும் இல்லை. அதனை என்ன செய்வதென்று மக்கட்குத் தெரியவும் இல்லை. வாங்கியவர் வீட்டில் அது கரைந்தது. வாங்காதது கப்பலிலேயே கரைந்தது. டியூடர் ஆயிரக்கணக்கான டாலர் நட்டமடைந்தார். பின்னர்க் கடனுக்காகச் சிறையும் புகுந்தார்.

அந்தச் சான் பியேர் துறைமுகம் நமக்கும் உறவுடையது. கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின், வேலைக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகப் பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்றனர். ‘ஒரேலி’ என்னும் முதற் கப்பல் 1853 மே மாதத்தில் அங்கே சேர்ந்தது. அவ்வாறு போனவரிற் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வெட்டிய கரும்பே அத்தீவின் ‘ரம்’ என்னும் சாராயத்துக்கும் மூலப்பொருள். மேற்கிந்தியத் தீவுகளில் ரம்மையும் பனிக்கட்டித் தூளையும் ஒரு மரக்கொம்பால் கடைந்து தருவது பிற்காலத்தில் பேர்பெற்ற பானமாயிற்று. கரும்பு வெட்டிய நம் முன்னோர் அதனை எந்தக் கணக்கில் எழுதுவர் என்பது நாமே ஊகிக்கத்தக்கது.

குளிரைப் பழக்கிய வணிகன்

டியூடர் தோல்வியால் துவண்டுவிடவில்லை. கரைவதைத் தடுக்க மரத்தூளைச் சுற்றிலும் அடைக்கும் வழியைக் கைக்கொண்டார். மர அறுவை ஆலைகளில் குப்பையாகக் கிடந்த தூள் அது. 1825-இல் நத்தானியல் வையெத் என்பவர், குதிரை இழுக்கும் ஏர் போன்ற கருவியொன்றால் குளத்துப் பனியைச் சதுரஞ் சதுரமாகக் கீறும் முறையைக் கண்டார். ஒரே அளவான கட்டிகள் செங்கல்போல நெருங்கி அடுக்கப்பட்டன, இடையே காற்றுப் புகாமையால் கரைவது குறைந்தது, விலையும் இறங்கிற்று.

பொருளைக் கொண்டுபோவதினும் பெரிய வேலை, அதற்கு ஆசையை உண்டாக்குவது. இதற்கு டியூடர் செய்த தந்திரம் நாம் அறியவேண்டுவது. மதுக்கடைக்காரர்க்குப் பனிக்கட்டியை முதலில் இனாமாகக் கொடுத்தார். குளிர்ந்த பானத்தையும் குளிராத பானத்தையும் ஒரே விலைக்கு விற்கும்படி ஏற்பாடு செய்தார். சில நாள் குளிர்ந்ததைக் குடித்துப் பழகியவன் மீண்டும் வெதுவெதுப்பானதைத் தொடமாட்டான். அப்பொழுது பனிக்கட்டிக்கு விலை கேட்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. முதலில் இனாம், பிறகு பழக்கம், பிறகு விலை என்னும் இம்மூன்று படிகளும் போதைப் பொருள் விற்போர் யாவர்க்கும் பொதுவானவை. பனிக்கட்டி போதைப் பொருளன்று. எனினும் அது ஊருக்குள் நுழைந்த வாயில் மதுக்கடையாகவே இருந்தது.

அந்தப் பனியை வெட்டியவர் யார்? தோரோ என்னும் அமெரிக்க அறிஞர் வால்டன் குளக்கரையில் குடிசை கட்டி வாழ்ந்த நாளில், 1846-47 குளிர்காலத்தில், அக்குளத்தின் பனியை வெட்ட ஆட்கள் வந்தனர். நாள்தோறும் நூறு அயர்லாந்துக்காரர், அவர்கட்கு மேல் அமெரிக்க மேற்பார்வையாளர் என்று அவர் தம் நூலில் எழுதியுள்ளார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து, மக்கள் பசியால் மாண்டும் கப்பலேறியும்கொண்டிருந்த காலம் அது. பஞ்சத்துக்குத் தப்பி வந்தவன் உறைபனியில் நின்று வெட்டினான்; மேலே ஒருவன் நின்று கணக்கெடுத்தான். கங்காணியின் குரலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

நொறுக்குவது எதற்காக?

கட்டியாகவே போடாமல் தூளாக்குவது ஏன் என்று கேட்கலாம். இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். ஓரங்குலப் பக்கமுள்ள கனசதுரக் கட்டிக்கு ஆறு முகங்கள். மொத்தப் பரப்பு 6 சதுர அங்குலம். அதனையே காலங்குலப் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் 64 துண்டுகள் ஆகும். அவற்றின் பரப்பு 24 சதுர அங்குலம். எடை அதுவே, பானத்தைத் தொடும் பரப்போ நான்கு மடங்கு. ஆகவே தூள் விரைந்து குளிர்விக்கும். விரைந்து கரைந்தும் போகும்.

பனிக்கட்டி குளிர்விப்பது பெரும்பாலும் தான் கரைவதனாலேயே. ஒரு கிராம் பனிக்கட்டி உருகி நீராவதற்கு 80 கலோரி வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து இழுத்துக்கொள்கிறது. உருகிய அந்நீரைச் சுழியத்திலிருந்து 80 பாகை வரை சூடேற்றத் தேவையான வெப்பம் எவ்வளவோ அவ்வளவு அது. தன்னை அழித்துப் பிறர்க்குக் குளிர்ச்சி தருவது என்று புலவர் பாடினால் அது வெறும் கற்பனையன்று. பௌதிக சாஸ்திரமும் அதுவே கூறும். மேலும், சாராயம் கலந்த நீர் சுழியத்துக்குக் கீழும் உறையாமலிருக்குமாதலால், தூள் நிரம்பிய உலோகக் கோப்பை அந்நிலையினும் குளிர்ந்து, அதன் புறத்தே வெண்பனி பூக்கும்.

இதனாலேயே உடைப்பது ஒரு கைத்தொழிலாயிற்று. முரட்டுத் துணிப்பையில் கட்டியை இட்டு மரச்சம்மட்டியால் அடிப்பர். கரைந்த நீரைத் துணி உறிஞ்சிவிடுவதால் தூள் ஈரமின்றிக் கிடைக்கும். ஈரத்தூளை இட்டால் பானம் தொடக்கத்திலேயே நீர்த்துப்போகும். மிகப் பொடியாயினும் கெடும். பருமனாயினும் குளிர் ஏறாது. எத்தனை அடி, எவ்வளவு வலிமை என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். பின்னர் அமெரிக்காவில் சீவும் கருவிகளும் வந்தன. ஜெரி தாமஸ் என்னும் மதுக்கலவையாளர் 1862-இல் வெளியிட்ட நூலில், சீவிய பனி, இடித்த பனி என்று பானத்துக்குப் பானம் வகை பிரித்துக் கூறியிருப்பதைக் காண்கிறோம்.

இன்று நம் குழந்தைகள் இளநீரிலும் சர்பத்திலும் இட்டு உறிஞ்சும் குழாய்க்கும் இந்தத் தூளோடு தொடர்புண்டு. தூள் நிறைந்த கோப்பையை வாயில் வைத்துச் சாய்த்தால் பனி பல்லில் மோதும். ஆகவே திராட்சை மதுவும் சர்க்கரையும் பனித்தூளும் கலந்த ‘செரி காப்ளர்’ என்னும் பானத்தைப் புல்தாளால் உறிஞ்சினர். 1842-இல் அமெரிக்கா சென்று திரும்பிய ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், தம் அடுத்த நாவலில் இப்பானத்தையும் புல்தாளையும் ஒரு வியப்புப் பொருளாக எழுதினார். காகிதக் குழாய்க்கு மார்வின் ஸ்டோன் என்பவர் உரிமைப் பட்டயம் பெற்றது 1888-இல்.

ரிச்மண்ட் நகரத்து அடிமை

பனித்தூள் சேர்ந்த பானங்களுள் மிகவும் பேர்பெற்றது வர்ஜீனியா நாட்டு ‘ஜூலிப்’. இச்சொல் நமக்கு அயலானதன்று. பாரசீகத்தில் பன்னீருக்குக் ‘குலாப்’ என்று பெயர்; அது அரபு மொழியில் ‘ஜுலாப்’ ஆகி, ஐரோப்பாவில் இனிப்பு மருந்துக்குப் பெயராகி, கடைசியில் அமெரிக்காவில் மதுவுக்குப் பெயராயிற்று. நம் விருந்துகளில் பரிமாறும் குலாப் ஜாமுனும் அந்த ஜூலிப்பும் சொல்லால் உடன்பிறப்புகள். புதினாத் தழையையும் சர்க்கரையையும் மதுவில் இட்டு, மேலே பனித்தூளை மலைபோற் குவிப்பது அதன் செய்முறை.

வர்ஜீனியாவின் பிரபுக்கள் தம் ஜூலிப்பைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால் அதனைச் செய்தவர் அப்பிரபுக்கள் அல்லர். கறுப்பு இனத்தவராகிய அடிமைகளே. அவர்களுள் ஒருவர் பெயர் சரித்திரத்தில் நிலைத்திருக்கிறது. ரிச்மண்ட் நகரத்து ஜான் டாப்னி என்பவர் அவர். 1824-ஆம் ஆண்டை ஒட்டி அடிமையாகப் பிறந்தார். அவரை உடைமையாகக் கொண்டிருந்த அம்மையார் அவரை வெளி வேலைக்கு வாடகைக்கு விட்டார். மாட்டை வாடகைக்கு விடுவது போன்றதே இம்முறை. உழைப்பு ஒருவருடையது, கூலி வேறொருவர்க்கு.

டாப்னி உணவு விடுதிகளில் வேலை கற்று, ‘ஆலங்கட்டி மழை’ என்று பெயர்பெற்ற ஜூலிப்பில் கைதேர்ந்தார். பனிக்கட்டியை ஆலங்கட்டிபோல் நொறுக்கி இடுவதால் அப்பெயர். கனிகளாலும் பனிச் சிற்பங்களாலும் அவர் அலங்கரித்த கோப்பைகளைக் காணவே கூட்டம் கூடுமாம். அவர் கையில் விழுந்த சில்லறை இனாங்களைச் சேர்த்துவைத்தார். எதற்காக? தம் மனைவி எலிசபெத்தை வேறிடத்துக்கு விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்தபோது, அவரைத் தாமே விலைகொடுத்து மீட்டார். பின்னர்த் தம் விடுதலைக்கும் விலை பேசி, எசமானிக்குத் தவணை தவணையாகச் செலுத்தினார்.

இடையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. சட்டப்படி அவர் இனி யாருக்கும் ஒரு காசும் தரவேண்டுவதில்லை. ஆயினும் எஞ்சிய தொகையை டாப்னி செலுத்தித் தீர்த்தார். அதனைக் கேட்ட வெள்ளையர் பத்திரிகைகள் அவருடைய நாணயத்தைப் பெரிதும் புகழ்ந்தன. அன்பர்களே, இந்தப் புகழ்ச்சியைச் சற்றே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு மனிதன் தன் உடம்புக்குத் தானே விலை கொடுத்தான். அதனை வாங்கிக்கொண்டவரை யாரும் நாணமற்றவர் என்று எழுதவில்லை. கொடுத்தவன் குணத்தைக் கொண்டாடிய ஊர், வாங்கியவர் செயலைக் கேள்வி கேட்கவில்லை. அடக்கமாக இருக்கும் தொழிலாளியை ‘நல்லவன், விசுவாசி’ என்று புகழ்ந்து, அவன் கூலிக் கணக்கை மட்டும் திறந்து காட்டாத வழக்கம் ரிச்மண்டில் மாத்திரம் இருந்ததன்று.

டாப்னி பின்னர்ச் சொந்தமாக உணவுச்சாலை நடத்தி, 1900-இல் காலமானார். அவர் மகன்களுள் ஒருவர்க்கு இட்ட பெயர் வெண்டல் பிலிப்ஸ் டாப்னி. அடிமை முறையை எதிர்த்துப் பேசிய பெருஞ்சொற்பொழிவாளர் ஒருவரின் பெயர் அது. அந்த மகன் சின்சினாட்டி நகரில் 1907-இல் சொந்தப் பத்திரிகை தொடங்கித் தம் இனத்தவர் உரிமைக்காக எழுதினார். தந்தை கையில் சம்மட்டி. மகன் கையில் பேனா. ஒரு தலைமுறையில் இம்மாற்றம் நிகழ்ந்தது எதனால்? தந்தை தாம் வடித்துக் கொடுத்ததைத் தம் வாழ்வாக்கிக்கொள்ளாமல், கிடைத்த காசைக் குடும்பத்தின் விடுதலைக்கும் மக்கள் கல்விக்கும் ஆக்கியதனால் அன்றோ!

சென்னையும் சிங்கப்பூரும்

அமெரிக்கக் குளத்துப் பனி நம் பக்கமும் வந்தது. 1833 மே மாதத்தில் பாஸ்டனை விட்டு 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் கப்பல், பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தது. கரைந்தது போக ஏறக்குறைய 100 டன் எஞ்சியிருந்தது. அதற்கு முன்னரும் அங்கே குளிர்ச்சிக்கு வழியில்லாமற் போகவில்லை. வெடியுப்பை நீரில் கரைத்து, அக்குளிரில் மதுப்புட்டிகளைச் சுழற்றிக் குளிரவைக்க ‘ஆப்தார்’ என்னும் வேலையாட்கள் இருந்தனர். ஹூக்ளியில் குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பிய குழிகளில் மண் தட்டுகளை வைத்து, மெல்லிய பனித்தகடு எடுத்து, விடியுமுன் சேகரித்த கூலியாட்களும் இருந்தனர். பெயர் தெரியாத கைகள் இவையும்.

சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-ஐ ஒட்டி ஐஸ் ஹவுஸ் என்னும் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அமெரிக்கப் பனி அங்கிருந்து வெள்ளையர் இல்லங்களுக்கும் சங்கங்களுக்கும் சென்றது. இயந்திரப் பனிக்கட்டி வந்தபின் கிடங்குக்கு வேலையில்லாமற் போயிற்று. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அவர் பெயரையே இன்று அக்கட்டடம் தாங்கியிருக்கிறது. இவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்த விடுதி அங்கேதான் நடந்தது. துரைமார் மதுவைக் குளிர்விக்க எழுந்த சுவர்களுக்குள், வைதவ்யம் என்னும் வெப்பத்தில் வாடிய சிறுமியர் பாடம் படித்தனர். ஒரு கட்டடத்தின் விதியை மனிதர் மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

சிங்கப்பூரில் வாம்போவா என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே, கில்பர்ட் ஆங்கஸ் என்பவரோடு கூடி 1854-இல் ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு நிறுவினார். வாங்குவோர் தொகை போதாமையால் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. பனிக்கட்டி அந்நாளில் செல்வர் பொருள். ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்று உலகெங்கும் பேர்பெற்ற மதுக்கலவையை 1915-ஐ ஒட்டி ராபிள்ஸ் ஹோட்டலில் நியாம் தோங் பூன் என்னும் ஹைனான் சீனர் ஆக்கினார் என்பது வழக்கு. அங்கும் பருகியவர் ஒரு வகையினர். கலக்கியவர் வேறு வகையினர்.

காய்ச்சலுக்காக எண்ணியது

பனிக்கட்டியை மதுக்கடையிலிருந்து வெளியே கொண்டுவர எண்ணியவர்களும் உண்டு. புளோரிடா நாட்டு வைத்தியர் ஜான் கோரி, காய்ச்சலில் கிடக்கும் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கவேண்டி இயந்திரத்தால் பனிக்கட்டி உண்டாக்கினார். 1851-இல் உரிமைப் பட்டயமும் பெற்றார். முதல்போட எவரும் முன்வராமல் வறுமையில் 1855-இல் இறந்தார். மதுவைக் குளிர்விக்கப் பனி ஏற்றியவர் செல்வரானார். நோயாளியைக் குளிர்விக்க எண்ணியவர் கடனாளியானார். எனினும் அவர் போன்றோர் தொடங்கிய வேலையே பிற்காலத்தில் பனிக்கட்டியை மலிவாக்கி ஏழையின் வாயிலுக்கும் கொண்டுவந்தது.

கோரியின் வரலாற்றைப் படித்தபோது என் பாட்டனாரை நினைத்துக்கொண்டேன். அவர் 1950களில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவில் குசினி ஆளாக வேலை பார்த்தவர். சனிக்கிழமை மாலைகளில் பட்டணத்திலிருந்து மரத்தூள் ஒட்டிய கோணிச்சாக்கில் பனிக்கட்டி வரும். துரைமார் ‘ஸ்தெங்கா’ குடிக்கக் கூடுவர். பாதி விஸ்கி, பாதி சோடா ஆதலால் பாதி என்னும் பொருளுள்ள மலாய்ச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பாட்டனார் துணியிற் கட்டிச் சம்மட்டியால் நொறுக்கிக் கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய மூத்த மகள், என் அத்தை, லயத்தில் கடுங்காய்ச்சலில் கிடந்தாள். பனிக்கட்டி கேட்க அவருக்கு நாவெழவில்லை. யாரும் காணாதபோது ஒரு கைப்பிடித் தூளைத் துண்டில் முடிந்துகொண்டு லயத்துக்கு ஓடினார். அரை மைல் தூரம். போய்ச் சேர்ந்தபோது துண்டு நனைந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஈரத்துணியையே குழந்தையின் நெற்றியில் போட்டனர். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் என் பாட்டனார் முதுமையிலும் இதைச் சொல்லிச் சொல்லி வருந்துவார்: “கட்டியா ஒண்ணை எடுத்திருந்தா கொஞ்சம் மிஞ்சியிருக்கும், தம்பி. நான் தூளையில்ல அள்ளிக்கிட்டு ஓடினேன்!”

அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். பரப்பு நான்கு மடங்கானால் விரைந்து கரையும் என்னும் கணக்கை எனக்குப் புத்தகம் சொல்லிற்று. அவருக்கு அந்த அரை மைல் சொல்லிற்று.

குளிர் வேறு, போதை வேறு

இச்சரித்திரத்திலிருந்து நாம் தெளியவேண்டுவது ஒன்று உண்டு. குளிர்ந்த மதுவைப் புகழ்வோர் புகழ்வதிற் பெரும்பகுதி மதுவுக்கு உரியதன்று. நாவை மகிழ்விப்பது சர்க்கரை. மூக்கை மகிழ்விப்பது புதினா. தொண்டையை மகிழ்விப்பது பனித்தூள். இம்மூன்றும் மது இல்லாமலே இன்பந் தருவன. மது தன் பங்குக்குத் தருவது எரிச்சலும் மயக்கமும். குளிர் அந்த எரிச்சலை மரக்கச் செய்து மறைக்கிறது. கரைந்த நீர் கோப்பையை நிரப்புகிறதேயன்றி, ஊற்றிய சாராயத்தில் ஒரு துளியையும் குறைப்பதில்லை. காரம் தெரியாமையால் அளவும் தெரிவதில்லை. ‘லேசாகத்தான் இருந்தது’ என்று சொல்லி எழுந்தவன் தள்ளாடுவது இதனால்தான்.

நம் தோட்டங்களில் பனித்தூளும் புதினாவும் வரவில்லை; கள்ளுக்கடை வந்தது. கூலி கொடுத்த கையே கள்ளுக்கடைக்கும் இடங்கொடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமையோடும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். குடிப்பதற்கு உரிமை கேட்டவரல்லர் அவர்கள். குடியிலிருந்து விடுதலை கேட்டவர்கள். ரிச்மண்டின் டாப்னி இனாக்காசைக் கொண்டு மனைவியை மீட்டதும், கிள்ளான் தொழிலாளர் கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் ஒரே உணர்ச்சியின் இரு தோற்றங்கள்.

பனிக்கட்டி இன்று துரை வீட்டுப் பொருளன்று. சந்தைக் கடையில் அதனைப் பஞ்சுபோற் சீவி, அவரை விதையும் பனைவெல்லப் பாகும் சிவப்புச் சர்பத்தும் ஊற்றி, ‘ஐஸ் கச்சாங்’ என்று தருகின்றனர். மலாய்க்காரர், சீனர், தமிழர் யாவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். யாருடைய சாதியையும் அது கேட்பதில்லை. ஒரு காலத்தில் சீவிய பனியை உருண்டையாகப் பிடித்துச் சர்பத்து ஊற்றிச் சில காசுக்குக் குழந்தைகள் கையிலேயே கொடுத்தனர். ஜூலிப் கோப்பையில் குவிந்த அதே பனித்தூள்தான் அது. மதுவை நீக்கினார்கள், பொருள் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

ஆகவே அன்பர்களே, நம் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் குளிர்ச்சி வேண்டுமெனின் தாராளமாகக் கொள்வோம்; அதனோடு புட்டியையும் அழைக்கவேண்டுவதில்லை. எந்த விருந்தில் எந்தக் கோப்பையை எடுத்தாலும், அதிலுள்ள பனியை உடைத்த கை எதுவென்று ஒருமுறை எண்ணுவோம். அக்கைக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைத்ததா என்று கேட்போம்.

என் பாட்டனாரின் மரச்சம்மட்டி எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளின் பிறந்தநாளில் அதனால் பனிக்கட்டி நொறுக்கி ரோஜாச் சர்பத்து கலக்கிறோம். முதற் குவளையை என் அத்தைக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம்.